நாலரை மணிப் புகை

உள்ள வாங்க டீச்சர், வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போற விஷயமா இது. செருப்போடவே வாங்க, பரவால்ல, தரை பூரா பேப்பர் துணுக்குதான் கெடக்கு. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். அந்த சாய்வு நாற்காலியும் வேணாம், அது எங்க அண்ணனோடது. இப்படி இந்தப் பெஞ்சுல உக்காருங்க.

ம், புகை வாடை. நீங்க படி எறங்கி வரும்போதே மூஞ்சியப் பாத்து நெனச்சேன். குடி வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கீழ்வீட்டுக்காரியோட மல்லுக்கு நிக்கணுமான்னு உங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கும். தினமுமா வருது? நாலரைக்கா. கடிகாரம் பாத்துச் சொல்றீங்களா, குத்துமதிப்பாவா? சரி, ஸ்கூல் விட்டு வந்து மூஞ்சி கழுவற நேரம். பின்பக்க ஜன்னல் வழியா. ஆமா, அது இந்த அறைக்கு நேர் மேலதான்.

வாடை எப்படி இருக்கு? கோவிச்சுக்காதீங்க, வெளயாட்டுக்குக் கேக்கல. சிகரெட் மாதிரியா? இல்லல்ல. கொஞ்சம் இனிப்பா, காஞ்ச திராட்சை மாதிரி, அடியில புதுத் தோல் வாடை. அப்படித்தானே? நீங்களே சொல்லுங்க, நான் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடக்கூடாது. ம். ம். சரி.

உங்க வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்புன்னா நீங்க வந்து கேக்கறது நியாயம். வீட்டு ஓனருக்கு எழுதிப் போடப் போறேங்கறதும் நியாயம்தான். அந்த மனுஷன் என்னை எப்படா கெளப்பலாம்னு காத்துக்கிட்டே இருக்காரு, அடுத்த வாரமே காலி பண்ணுன்னு வந்து நிப்பாரு. போறதுக்கு எனக்கு எடம் இருக்கு டீச்சர், நடுத்தெருவுல நிக்க மாட்டேன். என் கவலை அந்த மூலையில நிக்குதே புஸ்தகம் அமுக்கற இரும்பு பிரஸ், அதுதான். அதைத் தூக்கணும்னா திருகைத் தளர்த்தணும். தளர்த்தினா உள்ள இருக்கற கட்டியை எடுக்கணும். அதை எடுக்க எனக்கு இன்னும் கை வரல. அதனால பத்து நிமிஷம் காது குடுத்துக் கேளுங்க. அப்புறம் எழுதறது எழுதாதது உங்க இஷ்டம்.

கட்டின்னா புகையிலைக் கட்டி. பைப்புல போட்டுப் புடிக்கறது. நாங்க புஸ்தகம் பைண்டிங் பண்றவங்க. தைக்கறது ஒட்டறது நான், தோல் அட்டை போட்டு மேல தங்க எழுத்து அடிக்கறது அண்ணன். அதுக்கு முன்னாடி அவர் பதினோரு வருஷம் கப்பல்ல, என்ஜின் ரூம்ல. விட்டுட்டு வரும்போது ஒரு பைப்பும், செங்கல்ல பாதி அளவுக்கு ஒரு கட்டியும் கொண்டு வந்தாரு. வேற ஒண்ணும் சம்பாதிச்ச மாதிரி தெரியல. அந்தக் கட்டி தீந்ததும் கடையில உதிரியா விக்கறதை வாங்கிப் பாத்தாரு. படபடன்னு எரியுது, நாக்கு பொத்துப் போகுதுன்னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே பொலம்பல். ஒரு நாள் இந்த பிரஸ் முன்னாடி நின்னுக்கிட்டு, சின்னவளே, புஸ்தகத்தை அமுக்கறது புகையிலையை அமுக்காதான்னாரு. அப்ப புடிச்ச சனிதான்.

முதல் கட்டி பசை வாடை அடிச்சுது. ரெண்டாவது பூஞ்சை புடிச்சுது. மூணாவதுல வாசனைக்கு ஊத்தின ரம்மு ஒழுகி, பக்கத்துல இருந்த ஒரு வக்கீலோட சட்டப் புஸ்தகம் நாலும் அந்த வாடையோடயே திரும்பிப் போச்சு. போச்சுடா, பொழப்பு போச்சுன்னு நெனச்சேன். அந்த வக்கீல் மறு வாரம் இன்னும் பத்து புஸ்தகம் அனுப்பி வெச்சாரு.

சிரிக்கறீங்க. சிரிங்க, நல்லதுதான்.

அப்புறம் எனக்குக் கை வந்துருச்சு டீச்சர். அண்ணனைவிட எனக்குத்தான். மூணு வகை இலை. மஞ்சள் இலை இனிப்புக்கு, கறுப்பு இலை கனத்துக்கு, விறகுப் புகையில வாட்டினது கொஞ்சூண்டு, அது இல்லன்னா சப்புன்னு போயிரும். நடு நரம்பை உருவிப் போட்டுட்டு தண்ணி தெளிக்கணும். அதுலதான் சூட்சுமம் இருக்கு. கூடினா பூஞ்சை, கொறைஞ்சா கட்டி சேராம உதிரும். இலையை விரல்ல சுத்தினா ஒடையக்கூடாது, விட்டா மெதுவா நிமிரணும். காஞ்ச திராட்சை ஊறின ரம்மு ரெண்டு கரண்டி. அடுக்கி, முழு இலையால பொட்டலம் மாதிரி சுத்தி, மரச் சட்டத்துல எறக்கி, மேல பலகை வெச்சு பிரஸ்ஸுக்குள்ள தள்ளணும். எடுத்த எடுப்புல இறுக்கினா சாறு பூரா ஓடிரும். காலையில கால் சுத்து, சாயங்காலம் கால் சுத்து. நாப்பது நாள். நடுவுல தொறக்கக்கூடாது. அது என் சட்டம். பாதியில தளர்த்திட்டா அப்புறம் தலைகீழா நின்னாலும் அது ஒண்ணு சேராது, ஏடு ஏடா பிரியும். அண்ணன் கெஞ்சுவாரு, ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பாக்கலாம்பாரு. நான் மசிய மாட்டேன். உனக்கு ஆம்பளப் புள்ளைங்க இருந்திருந்தா நீ அவங்களைப் பட்டாளம் மாதிரி பழக்கியிருப்பேன்னு கேலி பண்ணுவாரு.

நானா? ஒரு இழுப்புகூட இழுத்ததில்ல. புடிக்கறது அண்ணன், அமுக்கறது நான். எனக்கு அவர் புடிக்கறதைப் பாக்கப் புடிக்கும். சரியா நாலேகாலுக்கு வேலையை நிறுத்திருவாரு. கையில பாதி எழுத்து அடிச்ச அட்டை இருந்தாலும் சரி, கீழ வெச்சிருவாரு. தோல் வெட்டற கத்தியை எடுத்து கட்டியில இருந்து சன்னமா மூணு சீவல். வெளிச்சம் தெரியற அளவுக்கு சன்னம். அதை உள்ளங்கையில போட்டுத் தேய்ச்சு, ஒரு காகிதத்துல பரத்தி கொஞ்ச நேரம் ஆற விடுவாரு, அந்த ஈரத்தோட பத்த வெச்சா நாக்கைச் சுட்டுரும். பைப்புக் கிண்ணத்துல அடியில லேசா, மேல கொஞ்சம் அழுத்தமா. முதல் தீக்குச்சி சும்மா, புகையிலை எழும்பி நிக்கறதுக்கு. அதைத் தட்டி அமுக்கிட்டு ரெண்டாவது குச்சி. அதுக்குள்ள மணி நாலரை ஆயிரும். அப்புறம் இழுக்கறாரா இல்லையான்னே தெரியாது, அவ்ளோ மெதுவா. ஒரு மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரம் நாங்க பேசிக்க மாட்டோம். நாப்பது வருஷத்துல அந்த ஒரு மணி நேரத்துலதான் நாங்க சண்டை போட்டதில்ல.

வெளிய போய் புடிக்கச் சொல்றதா? அண்ணனையா? இந்த நாற்காலியில இருந்து அவரை எழுப்ப யாராலயும் முடிஞ்சதில்ல டீச்சர்.

இருங்க, சொல்றேன். கோவப்படாதீங்க. மழைக்காலத்துல அவருக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில ஒரு வாரம். புகை இனிமே மூச்சுப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இருமல்னா அப்படி ஒரு இருமல். நாலு மணிக்கு ஆரம்பிச்சா தெரு முனை வரைக்கும் கேக்கும், ஒரு வார்த்தை பேச விடாது. அவர் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் நான் தினமும் இங்க வந்து திருகைச் சுத்திட்டுத்தான் போனேன். கட்டி பிரஸ்ஸுக்குள்ள போய் அது முப்பதாவது நாள். அன்னைக்குத்தான் அவர் கேட்டாரு. பழைய கட்டி தீந்து போச்சு, உள்ள இருக்கறதுல ஒரே ஒரு சீவல் வெட்டிக் குடு சின்னவளே, புடிக்கக்கூட வேணாம், பைப்புல போட்டுக் கையில வெச்சுக்கறேன்னாரு. இன்னும் பத்து நாள் இருக்குன்னேன். சிரிச்சாரு. பத்து நாள் யாருக்குன்னாரு. நான் பிரஸ் பக்கம் போகல.

மறு நாளும் கேட்டாரு. அதுக்கும் மறு நாள் கேக்கல.

சொந்தக்காரங்க எல்லாரும் நான் செஞ்சது சரிங்கறாங்க. டாக்டர் சொன்னதை மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் காப்பாத்தினியேங்கறாங்க. நானும் தலையாட்டிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டர் பேச்சு என் நெனப்புலயே இல்ல டீச்சர். எனக்குக் கட்டிதான் முக்கியமா இருந்துச்சு. நான் செஞ்சதுலயே அதுதான் நல்லா சேந்து வந்த கட்டி, திருகு புடிச்ச பிடியிலயே தெரிஞ்சுது. பாதியில தொறந்து கெடுத்துக்க எனக்கு மனசு வரல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க வாடையைப் பத்திக் கேட்டு வந்தீங்க, அதனாலதான் போல.

முப்பத்தி நாலாம் நாள் போயிட்டாரு.

ஆமா, போன வருஷம்தான். இந்த மழை வந்தா ஒரு வருஷம். உக்காருங்க டீச்சர், ஏன் எந்திரிக்கறீங்க. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. பைப்பு அந்த அலமாரியில இருக்கு, கிண்ணத்துக்குள்ள விரல் விட்டுப் பாருங்க, தூசிதான் ஒட்டும். தீப்பெட்டிகூட இந்த அறையில கெடையாது. கட்டி அந்த பிரஸ்ஸுக்குள்ளதான் இருக்கு, நாப்பதாம் நாளும் தொறக்கல, அதுக்கப்புறமும் தொறக்கல. காலையில எந்திரிச்சா திருகுல கை வெச்சுப் பாப்பேன். இதுக்கு மேல சுத்தாது, தெரியும்.

தினமும் நாலரைக்கு அந்த நாற்காலி பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உக்காருவேன். எனக்கு ஒரு வாடையும் வந்ததில்ல. என் மூக்கு சாதாரண மூக்கு இல்ல, கண்ண மூடிக்கிட்டு மூணு இலையையும் பிரிச்சுச் சொல்லிருவேன். இருந்தும் வரல. நாப்பது வருஷம் கூடவே இருந்தவளுக்கு இல்ல, நேத்து குடி வந்த உங்களுக்கு வருது. எரிச்சலா இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்மேல அவருக்கு இருக்கற கோவத்துக்கு இது கம்மிதான்.

நீங்க ஓனருக்கு எழுதுங்க. உங்க வீட்டுக்காரர் ஒடம்பு முக்கியம். ஆளுங்க வந்து பிரஸ்ஸைத் தூக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த வாடை வரும்போது, கூடவே இருமல் சத்தம் கேக்குதா?

நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் இருமல் இல்ல, கீழ இருந்து. ஒரு தடவைகூடவா கேக்கல? வெறும் வாடை மட்டும்தான்?

சரி டீச்சர். அது போதும். பாத்துப் போங்க, படியில வெளிச்சம் இல்ல.