சிராய் வைக்காத வீடு

மணி மூன்று... மத்தியானம் மூன்று. சிரிக்காதே யொர்மா. ஜனவரியில், துருவத்தை ஒட்டின நம் ஊரில் மத்தியானம் மூன்று என்றால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கும்மிருட்டு.

தார்ச்சாலை முடிந்து பதினான்கு கிலோமீட்டர். பனிச்சறுக்குத் தடம் ஒன்றுதான் வழி. நடுவில் ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு டிகிரி. விட்ட மூச்சு புருவத்திலேயே உறைகிறது. அந்தத் தடத்தில் ஒருத்தி தனியாக வருகிறாள். இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு சறுக்குப் பலகை. அதன்மேல் ஒரு வலைமூட்டை சிராய், அடுப்புப் பற்றவைக்கிற மெல்லிய மரச் சீவல்.

என் சிநேகிதன் சகாரியின் அத்தை அவள். பெயர் ஹில்மா. அவள் வந்து சேர்ந்த இடம்... இதே குடிசை. டைமி, உன் பக்கத்தில் இருக்கிறதே மரப்பெட்டி, அதன்மேல்தான் உட்கார்ந்தாள். நீ ஒன்றும் தள்ளிப் போக வேண்டாம்.

காட்டுக் குடிசைக்குப் பூட்டு கிடையாது. சட்டம் மட்டும் ஒன்று உண்டு. கிளம்பும்போது அடுத்து வருகிறவனுக்குச் சிராய் சீவி, அந்தப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏனென்றால் அவன் விறைத்த விரலோடு வருவான். எப்படியோ ஒரு தீக்குச்சியைக் கிழித்துவிடுவான், ஆனால் கத்தி பிடிக்க முடியாது. சிராய் இல்லை என்றால் கூரை வரைக்கும் விறகு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

நம் ஊர்க்காரன் என்சியோ அப்படித்தான் செத்தான். இங்கே. ஹில்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கலைமான் தேடிப் போனவன், ஓடையில் பனி உடைந்து இடுப்பு வரை நனைந்து, எப்படியோ இங்கே வந்து சேர்ந்துவிட்டான். ஐந்து நாள் கழித்துக் கண்டெடுத்தார்கள். சுவரோரம் விறகு அடுக்கியபடி இருந்தது. மடியில் கோடாரி. சுற்றிலும் கரிந்த தீக்குச்சிகள்... பெட்டி காலி.

அவனுக்கு முன்னால் இங்கே தங்கிப் போனவர் ஹில்மாவின் அப்பா கலேர்வோ. தங்குகிறவர்கள் பெயர் எழுதுகிற குடிசை நோட்டில் அவர் கையெழுத்துதான் கடைசி. "பெட்டி நெறைய சீவி வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். போலீஸிடம் சொன்னார், பாதிரியாரிடம் சொன்னார், சாகிற அன்றைக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டும் அதையேதான் சொன்னார். யார் நம்பினார்கள்? குடித்துவிட்டுக் கத்தியை உருவினவனைக்கூட நம் ஊர் மன்னித்துவிடும். சிராய் வைக்காதவனை மன்னிக்காது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஊர் வைத்த பெயர், சிராய் வைக்காத வீடு.

இன்னொன்று. அதற்குப் பிறகு இந்தக் குடிசையில் சிராய் தங்குவதே இல்லை. காலையில் பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வருகிறவன் திறந்தால் காலி. வெளியே பனியில் ஒரு காலடி இருக்காது. கலேர்வோ வைக்காததை என்சியோ இன்னும் தேடுகிறான் என்று ஊர் சொன்னது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் அவரவர் சிராயைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

இதற்கு ஹில்மா என்ன செய்தாள் தெரியுமா? ஊர் நடுவில் சிராய் மெஷின் போட்டாள்! ஒரு பக்கம் கட்டையைத் தள்ளினால் மறுபக்கம் விரல் தடிமனில் சிராய் சிராயாக விழும். நாள் முழுக்க... சடக், சடக், சடக். வலைப்பையில் கட்டி, பெட்ரோல் பங்க் வாசலில் அடுக்கி வைத்து விற்றாள். அவளுடைய திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் பெட்ரோல் பங்க் காபி மேஜையில் பௌலி ஆரம்பித்தான். என்சியோவுடைய அண்ணன் மகன்.

"பாத்தீங்களாடா? அன்னிக்கு ஒரு ஆளு உயிர் போகுது, ஒத்தச் சிராய் வைக்கல. இன்னிக்கு மூட்டை மூட்டையா விக்கிறாங்க."

மேஜையே சிரித்தது. ஹில்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா வெச்சாரு."

"யாரு பாத்தா?"

"உங்க சித்தப்பா பாத்திருப்பாரு. அவரையே கேட்டுட்டு வரேன்."

"செத்தவரையா?"

"உசுரோட இருக்கற உங்களைக் கேட்டு நாப்பது வருசம் வீணாப் போச்சுடா."

அப்படிக் கிளம்பி வந்தவள்தான். வந்ததும் மூட்டையை அவிழ்த்துப் பெட்டியில் கொட்டினாள். மூடியைச் சாத்தினாள். அடுப்பு மூட்டவில்லை. அந்தக் குளிரில்... மூட்டவே இல்லை. சிராயை எடுக்க வருகிறவன் வரட்டும் என்று டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு படுக்கைப் பலகையில் உட்கார்ந்தாள்.

அரைமணி போனது. வெளியே பனி மிதிபடுகிற சத்தம். இந்தக் குளிரில் அது எப்படிக் கேட்கும் என்று தெரியுமல்லவா... கிறீச். கிறீச். கிறீச்... வாசற்படியில் நின்றது. கதவு திறக்கவில்லை. ஆனால் குடிசைக்குள் ஈரக் கம்பளி வாசனை.

அப்புறம் பெட்டிக்குள்ளே... டொக்.

டார்ச்சை அடித்தாள். யாருமில்லை. மூடி சாத்தியபடியே இருக்கிறது. உள்ளே மட்டும் டொக்... டொக்... ஒவ்வொன்றாக எடுக்கிற மாதிரி. நீங்களோ நானோ என்றால் கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருப்போம். அவள் எழுந்து போய்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்!

"என்சியோ மாமா, நான் கலேர்வோ மக. சின்ன வயசுல என் சறுக்குக் கட்டைக்கு வார் கட்டிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? சிராய் வேணும்னா எடுத்துக்குங்க. மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்கப்பா வெச்சாரா, இல்லையா?"

 அவளுக்குக் கீழே மரத்தோடு மரம் உரசியது. டொக்... டொக்... பெட்டி வழியாகக் குளிர் ஏறியது. தொடை, இடுப்பு, முதுகு... கடைசியில் விரல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சத்தம் நின்றபோது மூடியைத் திறந்தாள். காலி. மேலே அவள் உட்கார்ந்திருக்க, பெட்டி காலி.

"அப்ப இது திருட்டுப் பெட்டி!" என்று கத்தினாள். "நான் வெச்சதை என் கண்ணால பாத்தேன். இப்ப இல்ல. அப்பா வெச்சதும் இப்படித்தான போயிருக்கும்? அன்னிக்கு எடுத்தது யாரு மாமா? சொல்லுங்க!"

கத்தி முடித்த பிறகுதான் புரிந்தது. சுவரோரம் கட்டை இருக்கிறது, கோடாரி இருக்கிறது, சிராய் இல்லை. விரல் மடங்கவில்லை. கோடாரியை எடுத்தாள்... நழுவி விழுந்தது. அவளிடம் ஏழு தீக்குச்சி. கட்டையிலேயே பற்ற வைக்கப் பார்த்து ஆறு போயிற்று. நாற்பது வருஷத்துக்கு முன் என்சியோ உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே நிலையில், அவள்.

பயந்தாளா? பயந்துதான் போனாள், சகாரியிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததாம்.

"நான் சாக மாட்டேன். நான் செத்தா, கலேர்வோ மகளும் சிராய் வைக்கலன்னு அந்தப் பௌலி சொல்லுவான். அதுக்கு எடம் குடுக்க மாட்டேன். கேக்குதா? குடுக்கவே மாட்டேன்!"

ஈரக் கம்பளி வாசனை போய், பைன் பிசின் வாசனை வந்தது. புதிதாகச் சீவின மரத்தின் வாசனை.

அடுப்புக்குள்ளே ஏதோ விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. சாம்பல் மேல் மெத்து மெத்தென்று.

கடைசித் தீக்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தீப்பெட்டியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி, தலையை ஆட்டி உரசினாள். பற்றிக்கொண்டது. அடுப்புக்குள் குனிந்து துப்பினாள். குப்பென்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தாள். மெஷினில் பிளந்த சிராய் நேராக, மொட்டையாக இருக்கும். இவை கத்தியால் சீவினவை. சீவலை அறுத்துவிடாமல், நுனியில் சுருள் சுருளாக நிற்கவிட்ட சிராய். வலது கைக்காரன் சீவினால் சுருள் வலது பக்கம் சாயும். இவை எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஊரிலேயே இடது கையால் சீவினவர் ஒருவர்தான். கலேர்வோ.

நாற்பது வருஷமாகத் தேடின சாட்சி கண்ணெதிரே எரிகிறது! அணைத்தால் உயிர் போகும். அப்படியே விட்டால் அப்பா மானம் போகும். விறைத்த கையை நெருப்புக்குள் விட்டு, ஒன்றே ஒன்றை வெளியே தள்ளினாள். மற்றதை எரியவிட்டாள். அழுதுகொண்டே குளிர் காய்ந்தாளாம். அந்தக் கைத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பெட்ரோல் பங்கில் அந்த ஒற்றைச் சிராயைப் பௌலியின் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க சித்தப்பா குடுத்து அனுப்பினாரு." பௌலி எடுத்துப் பார்த்தான். யார் வேண்டுமானாலும் சீவலாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். விரலில் ஒட்டின பச்சைப் பிசினை முகர்ந்தான். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்பவில்லைதான். அவளுக்கென்ன? அந்த வாரமே பைகளில் புதுப் பெயர் அச்சடித்தாள். கொட்டை எழுத்தில், 'சிராய் வைக்காத வீடு'. இப்போது எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அவ்வளவுதான் கதை.

"போங்கண்ணே," என்றான் யொர்மா. "அவளே ஒக்காந்து சீவியிருப்பா. அந்தாளு வெச்சிருக்கவே மாட்டாரு."

"இங்க உக்காந்துக்கிட்டு அதைச் சொல்லாதடா," என்றேன்.

"ஏன், வருவாரா?"

நான் அடுப்பைக் கிளறினேன். சாயங்காலம் வந்து சேர்ந்தபோது அந்தப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. டைமிதான் திறந்து பார்த்தாள். பையில் கொண்டுவந்த சிராயில்தான் அடுப்பு மூட்டினோம். மிச்சம் இல்லை. காலையில் கிளம்பும் முன் நாம் சீவி வைக்க வேண்டும்.

"சரி, இப்பவே சீவி வெச்சுடறேன். உங்க கலேர்வோவுக்குக் கோவம் வந்துடப் போவுது," என்று யொர்மா கத்தியை உருவிக்கொண்டு எழுந்தான். ஒரு கையால் பெட்டி மூடியைத் தூக்கினான்.

பெட்டி நிறைய இருந்தது. சுருள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து.

ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். சிராய் விரலை விட்டு வரவில்லை. பிசின் ஈரமாக இருந்தது, கட்டை விரலோடு ஒட்டிக்கொண்டது.