வாட்சைக் கண்ணால பாக்கணுமாம்

— பெட்டியை ஏன் நீலா இன்னும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறே... இப்படிக் குடு. இந்தச் சுங்க வரிசையில நம்ம முறை வர்றதுக்குள்ள வாட்சை மேல எடுத்து வச்சிடுறேன்.

— இருக்கட்டுங்க. வரிசை நகரவே இல்லியே.

— சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறுல நின்னதைவிடவா? அந்தா, நாலஞ்சு பேருதான்.

— ஏங்க... பாரிசுல உங்க தம்பி மகன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. பிளேன் ஏறிக் காரைக்கால் போய்ச் சேந்தா போதும். இந்த வரியைத் திரும்ப வாங்கி என்ன ஆகப்போவுது?

— என்ன இப்படிச் சொல்லிட்டே. வெளிநாட்டுக்காரன் இங்க வாங்கின பொருளை ஊருக்கு எடுத்துட்டுப் போனா, கட்டின வரி திரும்ப வந்துடும். இருநூறு வருஷமா நம்ம காரைக்கால்ல வரி வாங்கின பிரெஞ்சுக்காரன் நீலா. இப்பத்தான் முதல்தடவையாத் திருப்பித் தர்றேங்கிறான். விடச் சொல்றியா?

— பில்லைக் காட்டினா போதாதா...

— பொருளைக் கண்ணால பாக்கணுமாம். பாத்தாத்தான் சுங்க ஆபீசர் முத்திரை குத்துவாரு. நான் உனக்கு வாங்கின வாட்சு ஊருக்குத்தான் போவுதா, இல்ல இங்கயே யாருக்காவது குடுத்துட்டோமான்னு அவருக்குத் தெரியணும்ல.

— ...குடுத்திருந்தா?

— விடுவானா? நம்ம ஊருப் பக்கம் போலகத்துலேர்ந்து வந்த ஒருத்தர் ஒரு சென்ட் பாட்டிலைக் காட்டலையாம். மூணு போலீசு, ரெண்டு நாயி, ஒரு நீதிபதி. பிளேன் போயிடுச்சு. அந்த மனுஷன் இன்னும் இங்கதான் எங்கயோ...

— சும்மா இருங்க. பயமாயிருக்கு.

— எதுக்குப் பயப்படணும்? வாட்சுதான் பெட்டியில பத்திரமா இருக்கே. இருக்குல்ல?

— அடியில இருக்குங்க. புடவைக்கெல்லாம் கீழ. இத்தனை பேரு முன்னால எப்படிக் கிளறுறது...

— நான் கிளறுறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை.

— வேணாங்க. அந்த அம்மாவை முன்னால விடுங்க, குழந்தை அழுவுது.

— விட்டாச்சு. அடுத்து நாமதான். சாவியைக் குடு.

— சாவி... உங்க தம்பி வீட்டுலயே...

— தாலிக்கொடியில தொங்குதே, அது என்ன?

— ஏங்க... ஒண்ணு சொன்னா இங்க வச்சுக் கத்த மாட்டீங்களே.

— கத்தினா நாயி வரும்.

— விளையாடாதீங்க. வாட்சு பெட்டியில இல்ல.

— திருடு போயிடுச்சா? அப்ப போலீசையே கூப்பிட்டு...

— நம்ம தமிழரசிக்குக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை கோயிலுக்குன்னு சொல்லிட்டு இங்க பாரிசுல இருக்குற அவ வீட்டுக்குத்தான் போனேன். கிளிஞ்சல்மேட்டு மீனவப் பையனைக் கட்டிக்கிட்டான்னு நாலு வருஷமா நீங்களும் பேசல, என்னையும் பேச விடல. பெத்த பொண்ணுங்க. வெறுங்கையோட நின்னா... கட்டிவிட்டுட்டு வந்துட்டேன். அந்த ஆபீசர் கால்ல வேணும்னாலும் விழறேன். அவகிட்டேர்ந்து வாட்சை மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க. ஏங்க, நம்மளத்தான் கூப்பிடுறாரு.

— வரிசையை விட்டு வெளிய வா. அவருகிட்ட நமக்கு ஒரு வேலையும் இல்ல.

— அப்ப... எதுக்குங்க இவ்வளவு நேரம் என்னை நிக்க வச்சீங்க?

— நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன். நேத்து எனக்குக் கதவைத் தொறந்ததுமே தமிழரசி கையைப் பின்னால ஒளிச்சுக்கிட்டா. சோறு போடறப்ப எப்படி ஒளிப்பா?