மருந்து மணந்த வாளி

பாசி வளர்ப்பது கோழி வளர்ப்பதை விட லேசு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோழிக்குக் கூடு வேண்டும், கீரிப்பிள்ளைக்குக் காவல் வேண்டும். பாசிக்குத் தண்ணீரும் வெளிச்சமும் போதுமாம்; கவனிக்காமல் விட்ட கிணற்றுக்கட்டில் அது கேட்காமலே படருமாம். அப்படிச் சொல்பவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், ஹமீட். எட்டுத் தடவை செத்த தொட்டியை அவர்களுக்குக் காட்டுகிறேன்.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறீர்கள். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை, ஒரேயொரு கேள்விதான்: "அந்தக் கிணத்துக்கு என்ன நடந்த, சேர்?" சண்டை முடிந்து ஒரு மாதமாகிறது. இப்போது யார் யாரைக் கொன்றது என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருங்கைக் கொப்பை ஒடித்துத் தலைகீழாக நட்டாலும் தளிர்க்கும் என்பார்கள். நான் மூன்று தடவை நேராகவே நட்டேன், மூன்றும் பட்டுப்போயின. மண் சரியில்லை என்றேன். என் மனைவி குவெண்டலின் சிரித்தாள். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். றெஜி, உங்கட கைராசி அப்பிடி. விடுங்க" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடம் சொன்னாள்.

நான் பள்ளிக்கூட விஞ்ஞானக் கூடத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளனாக இருந்தவன். ஆசிரியன் இல்லை. இருந்தாலும் ஊர் என்னைச் சேர் என்றுதான் கூப்பிடும். டச்பார்க் கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டையும் குவெண்டலினையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, அவுஸ்திரேலியா போன மைத்துனனின் வாவிக்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வருடம் நோர்வேக்காரி ஒருத்தி வந்து சுருள்பாசி வளர்க்கப் பழக்கினாள். சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கரண்டி கொடுக்கலாம் என்றாள். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு போத்தல் விதைப்பாசி தந்தாள். அப்பச்சோடா, உப்பு, தண்ணீர், கலக்குவதற்கு ஒரு மட்டை, அவ்வளவுதான். பெரியகல்லாற்றில் இருந்து வந்த ஒரு மனுசி, கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்தவள், இரண்டே கிழமையில் தொட்டி நிறையப் பச்சையாக்கிவிட்டாள். என்னுடையது மூன்றாம் நாள் மஞ்சளித்தது. ஐந்தாம் நாள் வெள்ளை நுரை தள்ளி நாறியது.

நான் அப்பச்சோடாவைத் தராசில் நிறுத்துப் போட்டவன், ஹமீட். வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் பார்த்தவன். அந்த மனுசி கைப்பிடியால் அள்ளிப் போட்டாள். இதை எப்படிப் பொறுப்பது, சொல்லுங்கள்.

போத்தலில் மிச்சம் பிடித்துவைத்த விதைப்பாசியைத் திரும்பத் திரும்ப விட்டேன்; எட்டுத் தடவை அப்படிச் செத்தது. எட்டாவது தடவைதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. மருந்து.

கடல் வந்துபோன பிறகு கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட ஆரம்பித்தவர்கள் நீங்கள், சுகாதாரப் பரிசோதகர்கள். முதலில் சனம் அந்த மணத்துக்குச் சண்டை பிடித்தது. தேத்தண்ணி நாறுது என்றார்கள். ஒரு வருடத்தில் எல்லாம் தலைகீழாக மாறியது. வாளியை மூக்கருகே கொண்டுபோய், மணந்தால்தான் குடித்தார்கள். எங்கள் பக்கக் கிணறுகளுக்குக் கிழமைக்கொருதரம் மருந்து போடும் வேலையை என்னிடம் தந்தீர்கள். "ஒங்களுக்குத் தெரியாததா, சேர்? நான் மருந்துத் தகரத்தத் தந்துட்டுப் போறன், நீங்க அளந்து போடுங்க" என்றீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு கிழமை தவறாமல் போட்டேன். அதை யாரும் மறுக்க முடியாது.

கிருமியைக் கொல்வது பாசியையும் கொல்லும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் மருந்து பறந்துபோகுமே என்று கேட்பீர்கள். வைத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் வைத்தேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் உங்கள் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்தேன். மஞ்சள் காட்டவில்லை, மருந்தின் சுவடே இல்லை. அந்தத் தண்ணீரிலும் பாசி செத்தது. ஆகவே, சொட்டுமருந்துக்கே பிடிபடாத அளவு ஏதோ மிச்சம் இருக்கிறது என்று முடிவெடுத்தேன். அது நியாயமான முடிவுதான்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம், வாகரைப் பக்கச் சண்டையில் ஓடிவந்த சனத்தால் பள்ளிக்கூடமெல்லாம் நிரம்பியது. என் வளவுக்கு ஒரு குடும்பத்தை அனுப்பினீர்கள். பனிச்சங்கேணிக் கோணாமலை, அவன் மனைவி இலட்சுமிப்பிள்ளை, ஆறு வயது மகள் டிலக்சினி. தொண்டு நிறுவனம் கொடுத்த நீலத் தறப்பாளை வேலி மரத்திலிருந்து என் தொட்டியோரத் தூண் வரைக்கும் இழுத்துக் கட்டி அதற்குக் கீழே இருந்தார்கள். கட்டுவதற்கு முன் என்னைக் கேட்டுத்தான் கட்டினார்கள். மரியாதையான சனம்.

அவர்கள் வந்த கிழமைதான் நான் என் வளவுக் கிணற்றுக்கு மருந்து போடுவதை நிறுத்தினேன்.

நான் முன்யோசனை இல்லாதவன் இல்லை. மணம் இல்லையென்றால் இலட்சுமிப்பிள்ளை கேட்பாள். ஆகவே ஒவ்வொரு காலையும் ஈரத்துணியில் ஒரு சிட்டிகை மருந்தைத் தொட்டு வாளி விளிம்பிலும் கயிற்றிலும் தேய்த்தேன். அதிலிருந்து கிணற்றுக்குள் போவது ஒன்றுமேயில்லை. "நல்லா மணக்குது சேர்" என்பாள். நீங்கள் பரிசோதிக்க வரும் நாட்களில் மாதிரித் தண்ணீரை நானே எடுத்துத் தந்தேன். போத்தலின் அடியில் முன்கூட்டியே ஒரு தூள் கிடக்கும். மஞ்சள் வந்தது. நீங்கள் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். என் கையிலிருந்து போத்தலை வாங்கும்போது ஒரு தடவைகூட அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. உங்களில் குறை சொல்லவில்லை, நம்பிக்கை அப்படி.

பாசி பிடித்தது, ஹமீட். ஒன்பதாவது தடவை பிடித்தது. ஐந்தாம் நாள் நுரை இல்லை. பத்தாம் நாள் கையை விட்டால் விரல் தெரியாத பச்சை. நான் தொட்டியோரம் குந்தியிருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குவெண்டலின் போன நாளிலும் நான் அப்படி அழவில்லை. துணியில் வடித்து முதல் கரண்டியை டிலக்சினிக்குத்தான் கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, "சேர், இது வாவி மணம் மணக்குது" என்றாள். பிறகு ஒவ்வொரு காலையும் தானே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

மலசலகூடக் குழியைப் பற்றியும் கேட்பீர்கள். அவர்களுக்காக வெட்டியது கிணற்றிலிருந்து பதினொரு அடி. நானே நாடா பிடித்து அளந்தேன். அந்த மாரியில் நிலத்துக்குள் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நின்றதைப் பார்த்தேன். மருந்து இருந்தால் பயமில்லை என்று சொல்லித்தான் அந்த இடத்தைக் காட்டிவிட்டீர்கள். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

மாசி நடுப்பகுதியில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதல் நாள் பாசியைக் கூடுதலாகக் கொடுத்தேன், சத்துக்கு. இரண்டாம் நாள் கண் குழி விழுந்தது. இலட்சுமிப்பிள்ளை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "குடி மனே, மருந்து போட்ட தண்ணிதானே, ஒண்டும் செய்யாது" என்று அந்தத் தண்ணீரையே பருக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். சுட வைத்துக் கொடு என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்டிருப்பாள்.

மூன்றாம் நாள் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணி சுட வைத்துக் குடுத்தீங்களா என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல ஐயா, எங்கட கிணறு மருந்து மணக்கிற கிணறு" என்று அவள் பெருமையாகச் சொன்னாளாம். பின்னேரம் பிள்ளை போய்விட்டாள்.

அன்றைக்காவது நான் மருந்து போட்டேனா என்று கேட்கிறீர்களா? போடவில்லை. தொட்டி அப்போது முக்கால்வாசி விளைந்து நின்றது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். வேறொரு அதிகாரி வந்து, தானே கப்பி இழுத்துத் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் வரவில்லை. உங்கள் படிவங்களிலோ கிழமைக்குக் கிழமை மருந்து இருந்ததாகக் கையெழுத்து. வராமலே எழுதினீர்கள் என்றார்கள். என்னைக் கேட்டார்கள். "ஹமீட் தந்ததத்தான் போட்டன். தகரம் பழசோ என்னவோ" என்றேன். உங்களைத் தண்டனை இடமாற்றம் செய்து அனுப்பினார்கள். உங்கள் மனைவி சபூராவுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்ததும் எனக்குத் தெரியும். இப்போது இதை எழுதி அடியில் கையெழுத்தும் போடுகிறேன்: டிலக்சினியைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். நீங்கள் ஒவ்வொரு கிழமையும் வந்தீர்கள், ஒரு குற்றமும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தைப் பொலிசுக்கோ உங்கள் சுகாதாரக் கந்தோருக்கோ எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். அவர்கள் வந்தால் கதவு திறந்திருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமலே முடிக்க நினைத்தேன், மனம் விடவில்லை.

பங்குனியில் பனிச்சங்கேணிச் சனத்தைத் திருப்பி அனுப்பினார்கள். புறப்படும் காலையில் கோணாமலை தறப்பாளை அவிழ்க்க வந்து, கயிற்றில் கை வைத்தபடி நின்றான். மகளைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சேர், இத விட்டுட்டுப் போகட்டா? உங்கட பாசிக்கு நிழலாக் கிடக்கும். புள்ள ஆசையாத் திண்டது" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் விஞ்ஞானக் கூடத்தில் நின்றவனுக்கு மீன்பிடிக்கிறவன் பாடம் சொல்கிறான். "வேணாம் கோணாமலை, பாசிக்கு வெயில்தான் வேணும். கொண்டு போ" என்றேன். அவன் ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் தொட்டி மஞ்சளித்தது. ஐந்தாம் நாள் வெள்ளை நுரை. கிணறு அதே கிணறுதான், துளி மருந்தில்லை. அந்த எட்டுத் தடவையும் தொட்டிக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியகல்லாற்று மனுசியின் தொட்டி பலாமரத்துக்குக் கீழே இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஹமீட், ஒரு சின்ன உதவி. பிள்ளையின் கதையை யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. இந்தக் கடைசித் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள். பாசி மருந்தினால்தான் செத்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.