இரண்டு இலியத்தைப் பிரித்துக் கொடுத்த எங்கள் எலும்பு மிஸ் அவர்களுக்கு

எலும்பு இருநூற்றாறையும் எண்ணிக் காட்டி, எங்களுக்கும் முதுகெலும்பு ஒன்று உண்டென்று எடுத்துச் சொன்ன ஏந்தலே! நரம்பின் நெடும்போக்கை நாவாலேயே வரைந்து, நாடித் துடிப்பை மேசையில் தட்டியே நடத்திக் காட்டிய நல்லாசிரியரே! பாடநூல் என்று பெயர் சூட்டி வந்த பஞ்சுப் பொதிகளைப் பிரித்துப் பார்த்து, பதரைப் பதரென்று கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே பகர்ந்த பண்பாளரே! இச்செவிலியர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தோராண்டு உடற்கூறும் உடலியங்கியலும் உரைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் எலும்பு மிஸ் அவர்களே! வணக்கம்.

மலையைத் தூக்கினீர், மாகடலைக் குடித்தீர் என்றெல்லாம் மடலில் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் தாங்கள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, “இது எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? காட்டு” என்று கேட்பீர்கள் என்பதை அறிவோம். ஆகையால் காட்டக்கூடியதை மட்டுமே எழுதியிருக்கிறோம்.

மாடியில், தாழ்வாரத்தின் கடைசி அறை தங்களுடையது. சுண்டுவிரல் எலும்பு ஒன்று காணாமற்போன எலும்புக்கூடு, மழைநாளில் திறக்க மறுக்கும் அலமாரி, அதில் புத்தகக் கம்பெனிகள் அனுப்பி ஆண்டுதோறும் வந்து குவியும் பாடநூல் மாதிரிப் பிரதிகள். இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் மூட்டை தூக்குகிறவர்களின் மக்கள். துணி தைக்கிறவர்களின் மக்கள். அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர்களின் மக்கள். ஒரு புத்தகம் சரியில்லையென்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி இவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. வாங்குவது ஒன்றே, அது உருப்படியாக இருந்தாக வேண்டும். அந்த ஒன்று எதுவென்று ஆண்டுக்கொரு முறை பட்டியலிட்டுக் கையொப்பமிடும் வேலை தங்கள் தலையில் விழுந்தது. தாங்கள் அதைத் தலைவேலையாகவே செய்தீர்கள்.

முன்னுரையைப் படித்து மயங்கியவரல்லர் தாங்கள். “மொத அத்தியாயத்த எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க. பதினொன்னாவதுக்குப் போங்க, அங்கதான் எழுதினவன் களைச்சுப் போயிருப்பான்” என்று சொல்லி, நேரே சிறுநீரகத்தைத் திறப்பீர்கள். மேசைமேல் வைத்தால் தானாக விரிந்து கிடக்காத புத்தகத்தை அப்போதே மூடிவிடுவீர்கள்; படிக்கிற பிள்ளைக்கு எழுதுவதற்கு ஒரு கை வேண்டுமே என்பது தங்கள் வாதம். வண்ணப் படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு மாதிரி அறைக்கு நடந்து, கண்ணாடிக் குடுவையில் கிடக்கும் உண்மையான உறுப்பின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். வெறும் வினாவிடையாக வந்த கையேட்டை, “இது ஊன்றுகோல். கால் நல்லா இருக்கறவளுக்குக் குடுத்தா இருக்கற காலும் மெலிஞ்சிடும்” என்று தள்ளி வைப்பீர்கள்.

புத்தகக் கம்பெனிக்காரர் ஒருவர் பளபளக்கும் அட்டையோடு ஒரு கையேட்டைக் கொண்டுவந்த நாள் எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது. அட்டையில் கட்டுமஸ்தான ஓர் ஆண். உள்ளே, வலப்பக்கம் இருக்க வேண்டிய கல்லீரல் இடப்பக்கம். அச்சில் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிட்டது.

“சின்ன பிரிண்டிங் மிஸ்டேக் மேடம், பெரிசு பண்ணாதீங்க” என்றார் அவர்.

“தம்பி, கல்லீரல் பக்கம் மாறினா அது பிரிண்டிங் மிஸ்டேக் இல்ல. அது வேற ஆளு. அந்த ஆளு எங்க வார்டுக்கு இன்னும் வரல. வந்தா சொல்லி அனுப்பறேன், புத்தகத்த எடுத்துட்டு வாங்க.”

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் அடுத்த ஆண்டு வரவில்லை.

இத்தனை கூர்மை படைத்த கண்ணுக்கும் ஒன்று தப்பியது. அதை இம்மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. எழுதாவிட்டால் இது தங்களைப் பற்றிய மடலே ஆகாது என்று முடிவாயிற்று.

தங்கள் பணியின் பன்னிரண்டாம் ஆண்டு அது. முதலாண்டு உடற்கூற்றுத் தேர்வில் இரு முறை தவறிய மாணவி ஒருத்தி மூன்றாம் முறை எழுதியிருந்தாள். மூன்றாவதும் தவறினால் பெயர் நீக்கம் என்பது விதி. அவள் தந்தை லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவர் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ‘லோடு’. வைத்தவர்களும் பட்டு மெத்தையில் பிறந்தவர்கள் அல்லர், இருந்தும் வைத்தார்கள். “பாஸ் ஆகலன்னா திங்கக்கெழம கல் அறுக்கற பட்டறைக்கு வந்துடு, பேசி வெச்சிருக்கேன்” என்று தந்தை சொல்லியிருந்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர், முதுகு போனவர்.

விடைத்தாள் திருத்த வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஆசிரியர் அறையில் அவள் விடையை உரக்கப் படித்தார். நான்கு மதிப்பெண் வினா. இலியம் பற்றி எழுதுக. அவள் எழுதியிருந்தது இது: ‘இலியம் இடுப்பெலும்பின் மேற்பகுதி. அது சிறுகுடலின் கடைசிப் பகுதியும் ஆகும். செரித்த உணவு அதன் வழியே செல்கிறது.’

“இந்தப் பொண்ணுக்குச் சாப்பாடு இடுப்பெலும்பு வழியா எறங்குதாம்! இவளுக்கு ஆபரேஷன்னா டாக்டர் வேணாம், கொத்தனாரக் கூப்பிடுங்க!”

அறை முழுக்கச் சிரித்தது. நாங்கள் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். அந்த நான்கும் சுழி. மூன்று மதிப்பெண் குறைந்து அவள் தேர்வே போயிற்று.

செய்தி எப்படியோ கசிந்து, மறுநாள் முற்பகல் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். செய்தித்தாளில் அட்டை போட்ட கையேடு கையில்; இரண்டு பக்கங்களுக்கிடையே இரண்டு விரல்.

“மிஸ், திட்டறதுன்னா இதப் பாத்துட்டுத் திட்டுங்க. நாப்பத்தஞ்சாம் பக்கத்துல இலியம் இடுப்பெலும்பு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இலியம் சிறுகுடலோட கடைசி. ரெண்டு எடத்துலயும் அதே நாலு எழுத்து. ஒரு வாரம் யோசிச்சேன் மிஸ். புத்தகத்துல போட்டிருக்கு, லிஸ்ட்டுல உங்க கையெழுத்து இருக்கு. அப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு வீடு போலன்னு எழுதிட்டேன்.”

“ஏண்டி, வகுப்புல கேக்கறதுக்கு என்ன?”

“போன தடவையே கேட்டேன் மிஸ். ‘நல்லாப் படி, புரியும்’னீங்க.”

அறையில் அப்போது எவரும் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். நடுவில் ஓரெழுத்து வேறு. எலும்புக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று. தமிழெழுத்தில் இறங்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தங்கள் கண் பார்த்தது தமிழெழுத்தை. தங்கள் மூளை படித்தது ஆங்கில எழுத்துக்கூட்டலை. ஆகவே எத்தனை முறை புரட்டியும் தங்களுக்கு அது பிழையாகப் படவேயில்லை. எங்களுக்கும்தான். ஆங்கிலம் அறியாத பிள்ளைக்காக வாங்கிய புத்தகத்தை ஆங்கிலம் அறிந்த கண்ணால் தேர்ந்தெடுத்திருந்தோம்.

“உட்காரு” என்று அவளை அமர்த்தினீர்கள். தங்கள் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்தீர்கள். பக்கத்தின் மூலையை மடித்தாலே பிள்ளைகளை நிற்கவைக்கும் தாங்கள், அந்த இரண்டு தாள்களையும் தையலோடு கிழித்தெடுத்தீர்கள்.

மாலை நான்கு மணிக்கு முடிவுப் பட்டியல் தேர்வு வாரியத்துக்குப் போக வேண்டும். தாங்கள் முதல்வர் அறைக்குள் நுழையும்போது மணி இரண்டேகால். அன்றைய முதல்வர் நல்ல மனிதர். நெளிவு சுளிவு தெரிந்தவர்.

“டீச்சர், வாயால சொல்லுங்க, பதமாப் பேசிப் பாக்கலாம். எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க ஃபைல்ல ஏறிடும்.”

“வாயால சொன்னா அவளுக்கு மார்க் ஏறாதே சார்.”

“உங்க மேல விழும்னு சொல்றேன்.”

“விழட்டும் சார். ரெண்டு பேர்ல நான்தான் தாங்குவேன்.”

அங்கேயே நின்றுகொண்டு எழுதினீர்கள். அக்கடிதத்தின் நகல் அலுவலகத்தில் இன்றும் இருக்கிறது, எழுத்தருக்கு நன்றி. மூன்றே வரி: ‘இவ்விடையிலுள்ள பிழை மாணவியுடையதன்று. இந்நூலைப் படித்துப் பரிந்துரைத்த என்னுடையது. இரு பக்கங்களையும் இணைத்துள்ளேன்.’

அதைத் தேர்வாளரிடம் கொண்டுபோய் வைத்தபோது, அவர் அத்தாள்களை மாற்றி மாற்றி நான்கு முறை பார்த்தார். “நானும் பதினஞ்சு வருஷமா இத வெச்சுத்தான் நடத்தறேன், டீச்சர்” என்றார், கொஞ்சம் கூசிப்போய். பாதி எலும்புக்குச் சரி, பாதி குடலுக்குச் சரி என்று நான்கையும் வழங்கினார். தட்டச்சான பட்டியலின் அடியில், பேனா மையால், கடைசிப் பெயராக அவள் பெயர் ஏறியது. ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாக.

திங்கட்கிழமை அவள் பட்டறைக்குப் போகவில்லை, வார்டுக்குப் போனாள்.

தங்களுக்கு மெமோ வந்தது. புத்தகத் தேர்வுக் குழுவிலிருந்து இரண்டாண்டு விலக்கினார்கள். அதற்காகத் தாங்கள் ஒரு நாளும் முகம் வாடியதாக எங்களுக்கு நினைவில்லை. கோபம் வந்ததாக நினைவிருக்கிறது, அது தங்களுக்கு எப்போதும் வருவதுதான். அந்த இரண்டாண்டும் உணவு இடைவேளையில் தங்கள் மேசைமுன் பிள்ளைகள் வரிசை நிற்கும். ஒவ்வொருத்தி கையேட்டிலும் சிவப்பு மையால் ஓரிடத்தில் ‘இடுப்பு’, ஓரிடத்தில் ‘குடல்’ என்று இலியத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தீர்கள். ‘இடுப்பு இலியம்’, ‘குடல் இலியம்’ என்று இன்று இந்த வளாகம் முழுக்கப் பேசுகிறது. வெளியிலிருந்து வரும் மருத்துவர்கள் முதல் நாள் சிரிக்கிறார்கள், மூன்றாம் நாள் தாமும் அப்படியே சொல்கிறார்கள். நூல் வெளியிட்டவர்களுக்கும் எழுதினீர்கள். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது. மூன்று பதிப்பு வந்தது, கவனம் வரவில்லை.

மூன்றாமாண்டு குழுவே தங்கள் கதவைத் தட்டியது. ஒரு நிபந்தனையோடு திரும்பினீர்கள். பட்டியலில் ஏறும் எந்தத் தமிழ்க் கையேட்டையும், முதலில் மாதிரி அறை உதவியாளர் உரக்கப் படிக்க வேண்டும். குடுவைகளுக்கு மருந்து மாற்றி மாற்றி அந்த வாடையே பெயராகிப்போன எங்கள் பார்மலின் அண்ணன்தான் அவர். தமிழ் மட்டுமே படிப்பார், ஆனால் எந்த உறுப்பு எந்தக் குடுவையில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். படிக்கையில் அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே தாங்கள் பென்சிலால் கோடிடுவீர்கள்.

“மிஸ், ஒரு நிமிஷம். முன்னாடி பக்கத்துல தசைநார் எலும்ப எலும்போட கட்டுதுன்னான். இங்க தசைய எலும்போட கட்டுதுங்கறான். இவன் எதத்தான் கட்டறான்?”

“அண்ணே, அவன் நம்ம கண்ணக் கட்டறான். மூடுங்க புத்தகத்த.”

பேராசிரியர் மூவர் பாராட்டுரை தந்திருந்த நூல் அது. அண்ணனின் ஒரு கேள்வியில் திரும்பிப் போயிற்று. குழுவில் சிலருக்கு இது இழுக்காகப் பட்டது; “அட்டெண்டர் படிச்சுத்தான் நாம முடிவு பண்ணணுமா?” என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களில் இருவர் இம்மடலின் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்கள். அவர்களே இந்த வரியை எழுதச் சொன்னார்கள்.

அந்த மாணவி இன்று அறுவைச் சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர். இன்றைய விழாவுக்கு அழைத்தோம். தொலைபேசியில் சொன்னது இது: “மூணு கேஸு உள்ள இருக்கு, ஆள் பத்தல, வர முடியாது. மிஸ் கோவிச்சுக்கிட்டா இங்க வந்து திட்டச் சொல்லுங்க. ஆனா கை கழுவிட்டு உள்ள வரச் சொல்லுங்க.”

அறிவின் ஆழமே! அஞ்சா நெஞ்சமே! தங்களைக் குறையே இல்லாதவரென்று நாங்கள் புகழவில்லை. சாக்பீஸால் மேசையைக் குத்தி உடைப்பீர்கள். பதில் தெரியாத பிள்ளையை ஒரு பார்வையில் உருக்கிவிடுவீர்கள். இரவல் கொடுத்த நூல் ஒரு நாள் தாமதமானால் வீட்டுக்கே ஆளனுப்புவீர்கள். ஆனால் தவறு எங்கே தொடங்கிற்று என்று தேடிப்போகும்போது, அது தங்கள் வாசலில் வந்து நின்றால், கதவைத் திறந்தீர்கள். படித்தவர்களிடம் நாங்கள் அதிகம் கண்டிராதது இது.

நூறாண்டு வாழ்க என்பது மரபு. நூறாண்டு வாழ்ந்தவர்களின் முழங்காலைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள், நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஆண்டுக் கணக்கை விட்டுவிடுகிறோம். மூட்டு மடங்கி நீள, மூச்சு முட்டாமல் ஏறியிறங்க, கண் பிழை பிடிக்க, நாவு அதைச் சொல்ல, இதயம் தன் நான்கறையிலும் நிம்மதி நிறைத்துத் துடிக்க, எத்தனை காலமோ அத்தனை காலமும் வலியின்றி வாழ்க!

வரும் மாதம் தங்கள் கையொப்பம் இல்லாத முதல் நூற்பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறும். பார்மலின் அண்ணன் படித்துப் பார்த்திருப்பார். நாங்களும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்திருப்போம். அப்படியும் அதில் பிழை ஒன்று இருக்கும். அன்று ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் புத்தகத்தை வாங்கிப் பார்ப்போம்.

அன்பும் நன்றியும் மாறா,
ஆசிரியர்கள், அலுவலகத்தார், மாதிரி அறையார், நூலகத்தார்
செவிலியர் பயிற்சிப் பள்ளி