கனடாக் குளிசை

என் கை நண்டுக் குழம்புக்குக் காரைநகரில் ஒரு பெயர் உண்டு. கலியாண வீட்டுக்காரர்கூட என்னிடம்தான் கறித்தூள் கேட்டு வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பொலிசிலிருந்து விசாரிக்க வந்த உங்களுக்கு, கதை எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டும் அல்லவா?

என் மனுசன் வாகீசன் பஸ் ஓட்டிப் பென்சனோடு இளைப்பாறியவர். வயிறு முன்னே வரும், ஆள் பின்னே வருவார். பிரஷர், சீனி, கொழுப்பு, இடுப்புப் பருமன் எல்லாம் கூட்டாளிகள் மாதிரி ஒன்றாகவே வந்து சேர்ந்திருப்பதாகக் கிளினிக் டொக்டர் சொன்னார்.

“ஐயா, கொழுப்புக் குளிசையும் வேணும், நடையும் வேணும். ஒண்டை விட்டா மற்றது தனியக் காணாது, பத்தாது.”

மனுசன் சொல் கேட்டார். அதுதான் வினை. விடிய எழும்பிப் பொன்னாலைப் பாலம் வரை நடை. திரும்பி வந்ததும் தானே குசினிக்குள் புகுந்து குரக்கன் புட்டு அவிப்பார். நான் கணவாய் பிரட்டி வைத்தால், “நீர் சாப்பிடும், எனக்கு ஏலாது” என்பார். முன்பு ஒரு இருமல் வந்தாலும் “இஞ்சரும்” என்று என்னைத்தான் கூப்பிடுவார். தண்ணீர், துவாய், கால் அமத்துவது எல்லாம் நான். இப்போது ஆள் மெலிந்து, களுசானுக்குப் பெல்ற் வாங்கி, சைக்கிளும் ஓடத் தொடங்கிவிட்டார். ஐயோ, பிறகு அந்த வீட்டில் நான் எதற்கு?

அந்த நேரம் பார்த்து எங்கள் மகன் சுஜிதன், திருவிழாவுக்கு வந்தவர்களிடம் எனக்கென்று ஐந்நூறு குளிசை கொண்ட ஒரு பெரிய போத்தல் விற்றமின் கொடுத்துவிட்டிருந்தான். கனடாவிலிருந்து. மேலே ஒட்டியிருந்த கடதாசியை உரித்தேன். கிளினிக்கில் தந்த கொழுப்புக் குளிசைகளை அடுப்புக்குள் போட்டேன். போத்தலை அவரிடம் நீட்டினேன்.

“இஞ்சேருங்கோ, இது கொழுப்புக்கு. சுஜிதன் அங்கத்தைய டொக்டரைக் கேட்டு அனுப்பினவன். இதைப் போட்டா வாயைக் கட்டத் தேவையில்லையாம். போனில இதைப் பற்றிக் கதைச்சுப் போடாதேங்கோ, மருந்துச் சீட்டில்லாமல் எடுத்தது.”

“கனடாக் குளிசையெண்டா சும்மாவோ!” என்றார் மனுசன், சின்னப்பிள்ளை மாதிரி. கிளினிக்கில் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டு மருந்து எடுக்கிற யாரும் அங்கே சொல்வதில்லை. சொன்னால் ஏச்சு விழும்.

பிறகென்ன, நடந்துவிட்டு வந்து நண்டு கேட்டார், ஆட்டிறைச்சி கேட்டார். “இஞ்சரும், இன்னும் கொஞ்சம் விடும்” என்று கோப்பையை நீட்டுவார். தேங்காயின் முதல்பாலில் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினேன். ஒரு வருசத்துக்கு மேல் வீடு கலகலவென்று இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் கலியாணம் முடித்த புதிதில்கூட இருந்ததில்லை. விளங்காமல் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடை தனியக் காணாது என்று டொக்டர் சொன்னபோது பக்கத்துக் கதிரையில் இருந்தது நான்தான். கொஞ்சம் மூச்சிளைப்பு வந்தால் வீட்டோடு கிடப்பார் என்றுதான் கணக்குப் போட்டேன்.

போன மாசம் பாலத்தடியில் விழுந்தார். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். வலப்பக்கக் கையும் காலும் வழங்காது, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கவனிப்பைப் பார்த்து மற்றப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஓம், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு யார் வாயில் சோறு தீத்துவது என்பதையும் நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

இந்த முறையும் டொக்டர் இரண்டும் சேர்த்துத்தான் சொல்லிவிட்டார். குளிசையும் கொடுத்து, கைகால் பயிற்சியும் செய்வித்தால் எழும்பி நடப்பாராம். குளிசையை நேரம் தவறாமல் நானே கொடுக்கிறேன். அவர் போய்விட்டால் எனக்கு ஏலாது. பயிற்சியைத்தான் இன்னும் தொடங்கவில்லை. கையை மடக்கினால் மனுசனுக்கு நோகும், பாவம்.