தறிவூட்டுச் சுருதி

— மெல்ல பேசும்மா. திரைக்கு அந்தாண்ட மார்க் போடறவங்க உக்காந்துக்கினு கீறாங்க.

— மெல்லதானடி பேசறேன் பிரித்திகா.

— இது மெல்லயா? கீழ கேட்ல வாட்ச்மேன் திரும்பிப் பாக்கறாரு.

— நகரியில எட்டு தறி ஓடற வூட்ல பேசிப் பேசி வளந்த வாயி இது. அதுக்கு மெல்லன்னா இவ்ளோதான். பவனு, நீ சொல்லுப்பா. நா கத்தறனா?

— கத்தல பெத்தம்மா. நீங்க சாதாரணமாத்தான் பேசறீங்க. எங்க காதுதான் தாங்கல.

— பாத்தியாடி, பாலசமுத்திரத்துப் பையன் எவ்ளோ மரியாதையா சொல்றான். சரி, இன்னா தகராறு உங்க ரெண்டு பேருக்கும்? ரயில வுட்டு எறங்கி பஸ்ஸ புடிச்சி ஓடியாரேன், ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீறீங்க.

— அவனுக்கும் எனக்கும் இல்லம்மா. சுலோச்சனா மேடத்துக்கும் எனக்கும்.

— அவங்கதான் டிபார்ட்மெண்ட் ஹெட்டு, பெத்தம்மா. எம்.ஏ.வுக்கு கடைசி கச்சேரி இன்னிக்கு, இதுல பாஸானாத்தான் பட்டம். அத அஞ்சு கட்டையிலதான் பாடணும்னு மேடம் உத்தரவு. உங்க பொண்ணு ரெண்டு கட்டையிலதான் பாடுவேன்னு நிக்கறா.

— கட்டைன்னா இன்னாப்பா?

— பாட்ட எந்த உசரத்துல ஆரம்பிக்கறதுன்னு கணக்கு. ரெண்டு கீழ, அஞ்சு மேல. ஆம்பளைங்க கீழ பாடுவாங்க, ஆடவாள்ளு மேல பாடுவாங்க. இங்க அதான் வழக்கம்.

— என் கொரலு கீழதான் இருக்குது பவன்.

— எனக்குத் தெரியாதா. அதான் மேல பாடினா சின்ன மிருதங்கம், கீழ பாடினா பெருசுன்னு ரெண்டையும் தூக்கிக்கினு வந்தேன். மேடம் பெருச பாத்துட்டு தெலுங்குல "இதி எந்துகு", இது எதுக்குன்னாங்க. சும்மா துணைக்குன்னேன்.

— உனக்கு எதுக்குப்பா வம்பு?

— எங்க ஊர்ல இருந்து நா இங்க மிருதங்கம் வாசிக்க வந்தப்ப, இவனுக்கு எதுக்கு இதுன்னு மேடம் ஒரு பார்வ பாத்தாங்க பெத்தம்மா. பெரிய மிருதங்கத்தையும் இன்னிக்கு அப்டித்தான் பாத்தாங்க. பரவாலேது, எனக்குப் பழகிப் போச்சு. நா போயி ரெண்டையும் மேடையில வெக்கறேன். எத வாசிக்கறதுன்னு நீ முடிவு பண்ணிக்கோ பிரித்திகா.

— போய்ட்டு வாப்பா. ஏண்டி, ஒரு நாளு. இன்னிக்கு ஒரு நாளு அவங்க சொல்ற உசரத்துல பாடிட்டு வந்துடேன். பட்டம் கைக்கு வந்தா ஸ்கூல்ல பாட்டு டீச்சரு. அதுக்கப்புறம் ரெண்டோ ஒண்ணோ, உன் இஷ்டம். உங்க நைனா நேத்தே ஊரெல்லாம் சொல்லிட்டாரு.

— இன்னா சொன்னாரு?

— எம்பொண்ணு நாளையோட எம்.ஏ.ன்னு. தறிவூட்ல எல்லாருக்கும் பகோடா வாங்கிக் குடுத்தாரு.

— பாடறதுக்கு முன்னாடியேவா?

— தறியில பாவு நூலு ஏத்திட்டா சேலை வந்த மாரிதான்னு சொல்றாரு. அவரு வாய யாரு அடக்கறது? இந்தா, அதிமதுரம். கன்னத்துல அடக்கிக்கோ. எதுக்கு வார்த்தைக்கு வார்த்த செருமிக்கினே கீற?

— ஒண்ணுமில்ல.

— போன்லயும் பேசாம மெசேஜா போட்டுக்கினு இருந்த. படிப்பு மும்முரம்னு வுட்டுட்டேன். திரும்பு இப்டி. தறி சத்தத்துல உதட்ட பாத்தே பேச்ச புடிக்கறவ நானு. என்கிட்ட மறைக்காத.

— டாக்டர்கிட்ட போனேன்.

— எப்போ?

— போன மாசம். மூக்கு வழியா கேமரா வுட்டு பாத்தாரு. கொரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ச்சிப் போயிருக்குதாம்.

— காய்ப்பா? கையில காய்க்குமே, அதுவா?

— அதேதாம்மா. ரெண்டு வருசமா எட்டாத உசரத்துல எட்டி எட்டிப் பாடினதுல வந்தது. மேடம் பாடு பாடுன்னாங்க, நானும் பாடினேன். இனிமேலும் அப்டியே பாடினா இந்த கரகரப்பு போவவே போவாதாம். பாட்டே போனாலும் போயிடுமாம். என் கொரலு நிக்கற எடத்துல பாடினா மெல்ல மெல்ல சரியாயிடும்னாரு.

— இத மேடத்துகிட்ட சொன்னியா?

— சொன்னேன். சாதகம் போதலன்னாங்க. பொம்பள ரெண்டு கட்டையில பாடினா கேக்கறவங்க சிரிப்பாங்களாம். தறிவூட்டுப் பொண்ணு, கொரலு முரடாத்தான் இருக்கும், நாமதான் செதுக்கணும்னாங்க.

— இன்னா சொன்னா? முரடா?

— அம்மா, மெல்ல.

— இன்னாடி மெல்ல? கையில காய்ச்சா பிளேடால சீவிட்டு அடுத்த வேலைய பாக்கலாம். தொண்டையில காய்ச்சா எத வெச்சி சீவுவா உங்க மேடம்? முரட்டுக் கொரலாம். இந்தக் கொரலு எப்டி வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுமா? தறி ஓடறப்ப கீச்சு கீச்சுன்னு மேல கத்திப் பாரு. இழைய இழுத்துக்கினு நாடாக்கட்டை ஓடற சத்தம் அத முழுங்கிடும், பக்கத்துத் தறிக்காரிக்குக் கூட கேக்காது. அடிவயித்துல இருந்து கீழ எடுத்து ஒரே எடத்துல நிறுத்தணும். அப்பத்தான் அந்தக் கோடியில கீற தறி வரைக்கும் போவும். நா வாய்க்கு வந்த மாரி கூவறவ இல்ல. கேளு. இழ அந்துச்சூஊஊஊ...

— அய்யோ, வாய மூடும்மா. உள்ள கேக்கும்.

— கேக்கட்டும். இழ அந்துச்சூஊஊஊ... உங்க நைனா எந்த மூலையில இருந்தாலும் ஓடியாந்து தறிய நிறுத்துவாரு. நீ தூளியில கெடந்தப்ப யாரு கூப்ட்டாலும் திரும்ப மாட்ட. இதுக்குத் திரும்புவ.

— தெரியும்மா. இங்க மொத நாளு தம்புரா முன்னாடி உக்காந்தப்ப என் வாயில தானா வந்தது அந்த எடம்தான். அதத்தான் மேடம் தப்புன்னாங்க.

— நீ மட்டும் இன்னா? போன வருசம் கச்சேரிக்கு வந்தவள கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி உக்கார வெச்ச. யார்கிட்டயும் பேசாதன்ன. எனக்கு எதுக்குன்னு புரியலன்னு நெனச்சியா?

— வெக்கமா இருந்துச்சும்மா.

— இப்ப?

— இப்ப கோவமா இருக்குது.

— அப்ப போ. போயி உன் எடத்துலயே நின்னு பாடு.

— சும்மா இரும்மா. இப்பத்தான ஒரு நாளு அஞ்சுல பாடுன்ன?

— அது காய்ப்பு தெரியறதுக்கு முன்னாடி சொன்னது. டீச்சரு வேலை இல்லன்னா இன்னொரு வேலை. தொண்ட போனா எந்தக் கடையில வாங்கறது?

— பெயில் பண்ணிட்டா? நைனா பகோடா வேற வாங்கிக் குடுத்துட்டாரு.

— துன்னவன் எவனும் திருப்பிக் கேக்க மாட்டான். பெயிலானா இன்னொரு தபா வாங்கிக் குடுக்கச் சொல்றேன். எம்பொண்ணு வளைஞ்சு குடுக்கலன்னு சொல்லி துன்னட்டும்.

— பூஜ்யம் போட்டாலும் சரிம்மா, நா ரெண்டு கட்டையிலதான் பாடப் போறேன். தொண்டைய வித்து பட்டம் வாங்கிக்கினு எந்தப் புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறது? மேடம் சிரிச்சா சிரிக்கட்டும். சிரிச்சி முடிக்கற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் பாடறேன்.

— அதான் பேச்சு. பொடவய சரி பண்ணு, கொசுவம் ஒரு பக்கமா தூக்கிக்கினு கீது.

— பிரித்திகா, எழுந்திரு, கூப்புடறாங்க. பெரிய மிருதங்கத்த சுருதி சேத்துட்டேன்.

— பவன், நா முடிவு சொல்லவே இல்லயே. எப்டி பெருச எடுத்த?

— நா எங்க எடுத்தேன்? எடுக்கச் சொன்னாங்க. வயலின் வாசிக்கற ரூபாவயும் கம்பிய எறக்கச் சொன்னாங்க. சுருதிப் பெட்டி ரெண்டு கட்டையில நிக்குது.

— மேடமா சொன்னாங்க?

— மேடம் இல்ல. மார்க் போட வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க இல்ல, அந்தப் பெரியவங்க. அவங்களே எழுந்து வந்து பெட்டிய திருப்பி வெச்சாங்க. பொண்ணு ரெண்டு கட்டையில அசையாம நிக்குது, இத எந்துகு அஞ்சுக்கு இழுக்கறீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. மேடம் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்.

— நா இன்னும் ஒரு ஸா கூட பாடலயே பவன். காலையில இருந்து பாடாம தொண்டைய காப்பாத்திக்கினு இருக்கறேன்.

— அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கும் மேடத்துக்கும் தெலுங்குதான், தமிழ் தெரியாது. திரைக்கு இந்தாண்ட இருந்து வந்த கொரல கேட்டுட்டு, நீ சாதகம் பண்றேன்னு நெனச்சிட்டாங்க.

— அய்ய. நா மெல்லதானப்பா கூவினேன்.

— பெத்தம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு. கச்சேரி முடியற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க. கொரலு உங்களுதுன்னு தெரிஞ்சா மேடம் பெட்டிய மறுபடி அஞ்சுக்கு ஏத்திடுவாங்க.

— பேசல சாமி. தூணுக்குப் பின்னாடியே போயி உக்காந்துக்கறேன். எனக்குப் பழகின எடம்தான்.

— வேணாம்மா. முன்வரிசைக்கு வா, சுலோச்சனா மேடம் பக்கத்துலயே உக்காரு. நா பாட வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, நீ ஒரு தபா கூவு.