ஏழாம் குழாயின் பன்னிரண்டு மாதங்கள்

போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குப் பிடிக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். குழாயில் தேங்கி நின்றது போய், பூமிக்குள் இருப்பது வரட்டும் என்பதற்காக. பல பேருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. நான் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

முழுப்பெயர் டைட்டஸ் எர்னஸ்ட். சித்தூர். அப்பா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருப்பதியில் சிவில் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியலில் பி.எச்டி.க்குப் பதிவு செய்த மறு ஞாயிறே சபையில் அறிவித்தார்கள்: "நம்ம டைட்டஸ் டாக்டருக்குப் படிக்கிறான், ஜெபத்துல வெச்சிக்கங்க." அதற்கடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் நாலு பேர் மூட்டுவலிச் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். அப்பா யாரையும் திருத்தவில்லை. தங்கை தபிதாவின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எச்டி. என்று பிராக்கெட்டுக்குள் போட்டார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. "அந்த பிராக்கெட்ட எப்பப்பா எடுக்கறது?" என்று அப்பா போன் செய்யும்போதெல்லாம் கேட்பார். கோபமாக அல்ல. அதுதான் கஷ்டம்.

என் வழிகாட்டி பேராசிரியர் வேதாச்சலம். அவர் அறை வாசலில் உள்ள பலகையில் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; முன்னாலும் பின்னாலும் அவ்வளவு பட்டங்கள். தண்ணீர் தினத்துக்கு மேடையில் பூமித்தாயைப் பற்றிப் பேசிக் கண்கலங்குவார். மேஜையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். எல்லாரும் ரெண்டு மிடறு குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அள்ளிக் கொட்டுவது ஆராய்ச்சி மாணவர் வேலை.

என் ஆய்வு நைட்ரேட் பற்றியது. எருவிலிருந்தும் கழிவிலிருந்தும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் சேரும். நிறமில்லை, வாசனையில்லை. லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம்தான் எல்லை. கொஞ்சம் கூடினாலும் பெரியவர்களுக்குச் சட்டென்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காமல் போய்விடும். உதடும் நகமும் நீலமாகும். இது எங்கள் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

முதலில் நான் எடுத்துக்கொண்டது பங்காருபாளையம் பக்கம் ஓர் ஊர். நான்காம் மாதம் அளவு எண்பதைத் தாண்டியது. ஊராட்சித் தலைவர், சர்பஞ்ச் சிட்டிபாபுவிடம் உடனே போய்ச் சொன்னேன். அவர் மறுநாளே மோட்டாரைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு சால்வையும் போட்டார். சால்வையோடு வந்தவனை வேதாச்சலம் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ டாக்டர் பட்டத்துக்கு வந்தியா, இதுக்கு வந்தியா? மூடின போர்ல எந்தத் தண்ணிய புடிப்ப? சரேலே, போனது போவட்டும், வேற ஊரு பாரு. பன்னெண்டு மாசம் தொடர்ச்சியா அளவு வேணும். நடுவுல ஒரு மாசம் ஓட்டை விழுந்தாலும் கமிட்டி தூக்கிப் போட்டுடும்."

ஒருமுறை சரியாக நடந்து பார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேறு ஊர் தேடி மறுபடி தொடங்குவதற்குள் ஒன்றரை வருடம் போனது.

இரண்டாவது ஊர் விஜயபுரம் மண்டலத்தில், ஒரு கோழிப்பண்ணைக்குக் கீழ்ச்சரிவில். ஒன்பது குழாய்களுக்கு எண் கொடுத்தேன். ஏழாவது ஹேமநாத் வீட்டு வாசலில் இருந்தது. அவர் மனைவி காவ்யா பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தோடு நின்றவள். மாமியார் கங்கம்மாவுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது.

"இன்னா சார், மாசா மாசம் எங்க ஊட்டுத் தண்ணிய கட்டிக்கினு போற. உங்க திருப்பதியில தண்ணியே கெடையாதா? இல்ல, பொண்ணு பாக்க வந்து வெக்கப்பட்டுக்கினு திரும்பறியா? இந்தா, வேர்க்கல்ல துன்னுட்டுப் போ."

ஜூலையில் தொடங்கினேன். மறு ஜூன் வரை போக வேண்டும். பிப்ரவரியில் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மோக்ஷிதா என்று பெயர் வைத்தார்கள். மார்ச் மாதம் நான் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தபோது காவ்யா கேட்டாள்.

"தண்ணி நல்லா கீதா சார்? எனக்குப் பால் பத்தல. இதுலதான் பவுடர் கரைச்சுக் குடுக்கறோம்."

பிப்ரவரி அளவு அப்போது என் பையில் இருந்தது. நூற்றுப் பதினெட்டு.

"நல்லா காய்ச்சிக் குடும்மா" என்றேன்.

யாரும் சொல்கிற அறிவுரைதான், சார். அரசாங்கச் சுவரொட்டியிலும் அதுதான் இருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் கிருமி இல்லை. தண்ணீர் ஆவியாகும், அது பாத்திரத்திலேயே நிற்கும். காய்ச்சக் காய்ச்ச அடர்த்தி கூடும். காவ்யா சொன்னதை ஒழுங்காகச் செய்கிற பெண். ஏப்ரலில் போனபோது பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு சொம்பு அரைச் சொம்பாகச் சுண்டியிருந்தது.

"இவ்ளோ காய்ச்சினா போதுமா சார்?"

"போதும்."

மே மாத மாதிரியை எடுத்து வந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். குழந்தையின் விரல்கள். கீழே, 'நகம் ஒரு மாதிரி கீது சார், அத்தை குளிர்னு சொல்றாங்க.' வெளியே நூற்றெட்டு டிகிரி வெயில். 'இருக்கலாம், கூலரை நிறுத்திப் பாருங்கள்' என்று பதில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தையைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். என் ஹாஸ்டலிலிருந்து பத்து நிமிடம்தான். பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். டாக்டர்கள் இதயத்தில் கோளாறு இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஊசி இருக்கிறது, சார். காரணம் தெரிந்தால் போட்டுவிடுவார்கள், பிள்ளை பிழைத்துவிடும். "இந்தப் பக்கம் தண்ணி எப்படி?" என்று ஒரு இளம் டாக்டர் பொதுவாகக் கேட்டார். ஹேமநாத் என்னைக் கைகாட்டி, "சாருதான் மாசா மாசம் டெஸ்ட் பண்றாரு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜூன் மாத அளவு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"தண்ணீர் பிரச்சினை இல்லை" என்றேன். மறுநாள் காலையில் குழந்தை இறந்தது.

ஜூனில் போனேன். கங்கம்மா கிண்டல் செய்யவில்லை. "வா சார், புடிச்சிக்க" என்று மட்டும் சொன்னாள். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தேன்.

பட்டம் வந்தது. உதவியவர்களுக்கு ஆய்வேட்டில் நன்றி சொல்லி ஒரு பிரதி கொடுப்பது எங்கள் வழக்கம். ஏழாம் குழாய்க் குடும்பத்தின் பெயரையும் போட்டிருந்தேன். கறுப்பு ரெக்ஸின், தங்க எழுத்து. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. கட்டி முடித்த பிரதியை வேதாச்சலமே திறந்ததில்லை.

பத்தாம் நாள் காவ்யா போன் செய்தாள்.

"நாலாவது சாப்டர்ல ஒரு படம் கீது சார். ஏழாம் நம்பர் எங்க கொழாதானே?"

"ஆமாம்மா."

"செவப்புக் கோடு நாப்பத்தஞ்சுல கீது. பிப்ரவரியிலேயே நூத்திப் பதினெட்டு. நான் உங்களை மார்ச்சுல கேட்டேன்."

அவள் அழவில்லை. வைத்துவிட்டாள். அந்தப் பிரதிதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள், சார். தண்ணீர் கெட்டது என்று தெரிந்தே காய்ச்சச் சொன்னேன். நீலம் எதனால் என்று தெரிந்தே கூலரை நிறுத்தச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தெரிந்தே மறைத்தேன். இவை எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மே மாத அளவு மட்டும் இருநூற்று நாற்பது, மற்ற மாதங்களோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்சம் குறைத்துப் போடு, கோடு அழகாக வரும் என்று வேதாச்சலம் எவ்வளவோ சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ஆராய்ச்சி செய்கிறவன் பொய் சொல்லக்கூடாது, சார்.